சீனரும் ஆங்கில அருஞ்சொற்களும்

பிறமொழிச் சொற்களைச் சந்தையிற் பேசுதற்பொருட்டுக் கற்பது ஒன்று. அம்மொழியாரின் சட்டத்தையும் சிந்தனையையும் அறிதற்பொருட்டுக் கற்பது மற்றொன்று. சீனரின் ஆங்கிலக் கல்வி வரலாற்றில் முதலாவதிலிருந்து இரண்டாவதை எய்துவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அம்மாற்றத்திற்குக் காரணமாயிருந்தது கல்வியார்வம் அன்று. போரிலே அடைந்த தோல்வியேயாகும்.

சிங் அரசு 1757ஆம் ஆண்டிலே ஐரோப்பியரின் கடல்வழி வாணிகத்தைக் கன்ரன் துறைமுகம் ஒன்றுடன் மட்டுப்படுத்தியது. அந்நியருக்குச் சீனமொழி கற்பித்தல் அங்கே தடைசெய்யப்பட்டிருந்தது. ஜேம்ஸ் பிளின்ற் என்னும் ஆங்கிலேயர் 1759இல் பேரரசருக்கு அனுப்பிய முறையீட்டை எழுத உதவிய சீனர் மரணதண்டனைக்குள்ளானார். இந்நிலையில் ஆங்கிலச் சொற்களைச் செவிவழியே பற்றிக்கொள்ளும் பொறுப்பு கன்ரன் வணிகரையே சார்ந்தது.

அவர்களுக்கென மலிவான சிறு கைந்நூல்கள் அச்சாயின. ‘செம்மயிரோர் பேச்சு’ என்னும் பொருள்படும் தலைப்புடைய அந்நூல்களில் உரோம எழுத்து ஒன்றேனும் இல்லை. ஆங்கிலச் சொல்லின் ஓசை, கன்ரன் உச்சரிப்பில் அதனை ஒத்த சீன எழுத்துக்களால் குறிக்கப்பட்டது. ‘வன்’ என்னும் எண்ணுப்பெயர், ‘வெதுவெதுப்பு’ எனப் பொருள்படும் எழுத்தால் எழுதப்பட்டது. ‘த்ரீ’ என்பதோ ‘புவியியல்’ எனப் பொருள்படும் ஈரெழுத்துக்களால் எழுதப்பட்டது. பின்வந்த ஆய்வாளர் சிலர் இதனை நகைப்புக்குரியதாகக் கொண்டனர். எனினும் தேயிலைக்கும் பட்டுக்கும் விலைபேசுவோர்க்கு இதனின் மிக்கது தேவைப்படவில்லை. எண்ணையும் பண்டத்தையும் விரலாற் சுட்டலாம். ஓசை பிழைத்தாலும் பொருள் பிழைக்காது. சுட்டிக்காட்ட இயலாத சொற்களிலேயே இம்முறை தோற்றது.

அத்தகைய சொற்கள் விரைவில் வந்து சேர்ந்தன. 1839இல் அபினி வாணிகத்தை ஒழிக்க முனைந்த ஆணையாளர் லின் செசூ, வற்றெல் எழுதிய சர்வதேச சட்ட நூலின் சில பகுதிகளை மொழிபெயர்ப்பித்தார். அமெரிக்க மருத்துவர் பீற்றர் பாக்கரும், மலாக்காவில் ஆங்கிலம் பயின்ற யுவான் தெஹுயியும் அப்பணியை மேற்கொண்டனர். எனினும் சட்ட நூலினால் போரைத் தடுக்க இயலவில்லை.

சொற்பொருளை அறியாமையின் விலையை வெளிப்படையாகக் காட்டியது 1858ஆம் ஆண்டின் தியென்சின் உடன்படிக்கை. அதன் 50ஆம் உறுப்புரையின்படி பிரித்தானிய அதிகாரிகளின் கடிதங்கள் ஆங்கிலத்திலேயே அமையும். சீனர் ஆங்கிலம் தேரும்வரை சீனப் பிரதியும் உடன் வரும். இரண்டிற்குமிடையே பொருள் வேறுபட்டால் ஆங்கில வாசகமே செல்லும். அடுத்த உறுப்புரை, ‘காட்டுமிராண்டி’ என ஆங்கிலேயர் பொருள்கொண்ட ‘யி’ என்னும் எழுத்தைப் பிரித்தானியரைக் குறிக்க அரச ஆவணங்களிற் பயன்படுத்தலாகாதெனத் தடுத்தது. வென்றவர் தம் மொழிக்கு அதிகாரம் பெற்றதோடு, தோற்றவர் மொழியிலும் ஒரு சொல்லை விலக்கினர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1862இல் பீக்கிங்கில் தொங்வென் குவான் என்னும் மொழிக் கல்லூரி நிறுவப்பட்டமை இதன் நேர்விளைவாகும். முதலிற் சேர்ந்தோர் பத்துச் சிறுவரே. அதே ஆண்டிலே, ஹொங்கொங்கில் மிசனரிமாரிடம் கற்ற தொங் கிங்சிங், கன்ரன் வணிகருக்கென ஆறு தொகுதிகள் கொண்ட ஆங்கிலச் சொற்கோவையை வெளியிட்டார்.

ஆயினும் பெருந்திருப்பம் நிகழ்ந்தது 1864இலேயே. வில்லியம் மாட்டின் என்னும் அமெரிக்க மிசனரி, சீன அறிஞர் சிலரின் துணையுடன் வீற்றனின் சர்வதேச சட்ட நூலைச் சீனமாக்கியிருந்தார். அவ்வாண்டு பிரசியப் போர்க்கப்பலொன்று சீனக் கடலிலே டென்மார்க்கின் வாணிகக் கப்பல்களைக் கைப்பற்றியது. இளவரசர் குங் அந்நூலின் கோட்பாட்டைக் கொண்டு, அக்கடற்பகுதி சீனாவின் ஆட்சிக்குட்பட்டதென வாதித்தார். கப்பல்கள் விடுவிக்கப்பட்டன, நட்டஈடும் கிடைத்தது. பீரங்கியாற் பெறமுடியாததைச் சொற்கள் பெற்றுத்தந்தன. நூலின் 300 பிரதிகள் மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டன.

அந்நூலிலே ‘றைற்’ என்னும் ஆங்கிலச் சொல், ‘அதிகாரம்’, ‘இலாபம்’ என்னும் பொருளுடைய ஈரெழுத்துக்களின் இணைப்பாக வழங்கப்பட்டது. அறவழிப்பட்ட உரிமை, வலியோன் பெறும் நலனாகத் தோன்றுதற்கு இது இடந்தந்தது. இக்குறையைக் கூர்ந்து நோக்கியவர் யென் பூ (1854–1921). பூச்சோ கப்பற்றளப் பள்ளியில் ஆங்கில மூலம் கடலோடற் கலை கற்று, 1877 முதல் 1879 வரை இங்கிலாந்தில் கிறீனிச் கடற்படைக் கல்லூரியிற் பயின்ற அவர், தாயகத்திலே மரபுவழி அரச தேர்வுக்கு நான்குமுறை தோற்றித் தவறினார். ஆங்கிலத்தில் அவர் பெற்றிருந்த புலமை அத்தேர்வுக்கு உதவவில்லை. ‘நேர்’ எனப் பொருள்படும் எழுத்தே ‘றைற்’ என்பதற்குப் பொருந்துமென அவர் வாதிட்டார். ஆங்கிலச் சொல்லிலும் நேர்மை என்னும் பொருள் உண்டு என்பது அவர் கருத்து. ஒரு கலைச்சொல்லைத் தேர வாரக்கணக்கிலே தயங்கியதாக அவரே கூறியுள்ளார். ஹக்ஸ்லியின் நூலை 1898இல் வெளியிட்ட அவர், மில்லின் சுதந்திரம் பற்றிய நூலை 1903இல் வெளியிட்டபொழுது அதன் தலைப்பையே ‘குழுவிற்கும் தனியாளுக்குமிடையே உரிமையின் எல்லை’ என மாற்றினார். சீனத்தில் விடுதலையைக் குறிக்கும் பழஞ்சொல் தான்தோன்றித்தனத்தையும் உணர்த்தியமையால், எல்லையை முதலிற் கூறுதல் வேண்டுமென அவர் எண்ணினார் போலும்.

அவர் ஆக்கிய சொற்களிற் பல நிலைக்கவில்லை. பரிணாமம், பொருளியல், சமூகவியல் என்பவற்றுக்கு அவர் அளித்த பெயர்களை, யப்பானிற் கற்றுத் திரும்பிய மாணவர் கொணர்ந்த ஆக்கங்கள் வெளியேற்றின. அவருடைய செறிந்த பழநடையும் இதற்கு ஒரு காரணம். 1909இல் கல்வி அமைச்சின் கலைச்சொல் அலுவலகத்திற்கு அவர் தலைமை ஏற்றபோதும் இந்நிலை மாறவில்லை. ஆனால் ஹக்ஸ்லி நூல் பரப்பிய ‘தக்கது பிழைக்கும்’ என்னும் தொடரிலிருந்து ஓரெழுத்தை எடுத்து, ஷாங்காயில் மாணவராயிருந்த ஹூ ஷி தம் பெயராக்கிக்கொண்டார். ‘லொஜிக்’ என்பதற்கு யென் பூ ஓசைவழி எழுதிக்காட்டிய ‘லுவோஜி’ என்னும் வடிவமும் இன்றுவரை வழங்குகின்றது. ஓசைக்கு ஓசை வைக்கும் அம்முறை கன்ரன் கடைக்காரரின் முறையே. யென் பூ தமது நூற்றலைப்புக்குத் தெரிந்தெடுத்ததோ வேறொரு பெயர்.