அரை மணி நேரப் பார்வை

கடுமையான கிட்டப்பார்வை கொண்ட நான், விழிவில்லை அணிந்த முதல் வாரம் கண்ணீர் வழியத்தான் பாடம் நடத்தினேன். அப்போது நினைவுக்கு வந்தவர் அகஸ்ட் முல்லர். செருமனியின் கீல் பல்கலைக்கழக மருத்துவ மாணவரான அவருக்கு ஏறத்தாழ 14 டயாப்டர் கிட்டப்பார்வை. தமக்கெனக் கண்ணாடி வில்லைகளை உருவாக்கி, 1889இல் அவற்றைப் பற்றியே ஆய்வேடு எழுதினார். கண்ணை மரக்கச் செய்யும் மருந்திட்டும், அரை மணி நேரத்திற்கு மேல் அவரால் அணிய இயலவில்லை.

நீரை உறிஞ்சும் மென்வில்லையைச் செக்கோசுலோவாக்கிய வேதியியலாளர் ஓட்டோ விக்தெர்லே, மகனின் விளையாட்டுக் கருவிப்பெட்டியால் அமைத்த பொறியில் வார்த்தெடுத்தது 1961இல். இடையே 72 ஆண்டுகள்!

முல்லர் தம் குறையை ஊரறிய எழுதினார். வெண்பலகை தெரியாத நம் மாணவனோ வாய்திறவாமல் பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதுகிறான். ஆசிரியர்களே, பெற்றோர்களே, கடிந்துகொள்ளுமுன், "தெரிகிறதா?" என்று கேட்போம்.