கண்டதைச் சொன்ன காவலர்

பறங்கிமலை என்றவுடன் புனித தோமையாரும், மலைமேல் விளங்கும் தொன்மையான ஆலயமும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. இரண்டாம் உலகப் போரின் தொடக்க ஆண்டுகளில் அம்மலைப் பகுதி மற்றொரு பணிக்கும் இடமளித்தது என்பதை இன்று நினைப்பவர் சிலரே. இந்திய விமானப் படையின் தன்னார்வலர்களைக் கொண்ட கடலோரக் காவல் பிரிவு ஒன்று அங்கிருந்துதான் வங்கக் கடலைக் கண்காணித்தது. அவர்களுக்குக் கிடைத்தவை பழைய வாப்பிட்டி விமானங்களே. கடலைப் பார்ப்பதும், பார்த்ததைக் கரைக்கு அறிவிப்பதுமே அவர்களது கடமை.

1954 முதல் தாம்பரத்தில் இயங்கிவரும் விமானப் பயிற்றுநர் பள்ளியின் வானூர்திகளை நம் புறநகர் மக்கள் நாள்தோறும் காண்கின்றனர். வானில் காவல் நிற்போர் கொடுக்கும் விலையை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டோ? அதை அறிய 1942ஆம் ஆண்டின் புனித வாரத்துக்குச் செல்ல வேண்டும்.

அவ்வாண்டு ஏப்ரல் 4, புனித சனி. இலங்கையின் தென்கரையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரியிலிருந்து, விடியுமுன் கேட்டலினா என்னும் பறக்கும் படகு ஒன்று புறப்பட்டது. அதன் தலைவர் லெனர்ட் பர்ச்சால், கனடா நாட்டவர், வயது 26. ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்துத் தீவிலிருந்து வந்து சேர்ந்து இரண்டே நாள்கள் ஆகியிருந்தன. அவரோடு இருந்தவர்கள் எண்மர்.

நாள் முழுவதும் தேடியும் கடலில் ஒன்றும் தென்படவில்லை. இரவில் ஏரியில் இறங்க வசதியில்லாததால், மறுநாள் விடியும்வரை வானிலேயே இருந்தாக வேண்டும். நிலவு எழுந்ததும் தங்கள் இருப்பிடத்தைக் கணித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்த வேளையில், தெற்கே அடிவானத்தில் சில புள்ளிகள் தோன்றின. அருகே சென்று பார்த்தால்தான் அவை எவருடைய கப்பல்கள் என்று தெரியும். அருகே சென்றாலோ மீள்வது அரிது. பர்ச்சால் அருகே சென்றார்.

அது அட்மிரல் நகுமோவின் கப்பற்படை. முந்தைய டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அதே படை, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்துகொண்டிருந்தது. ஜப்பானியப் போர் விமானங்கள் சூழ்ந்து சுட, வானொலிப் பணியாளர் செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தார். குண்டுகள் அவரது கருவியைச் சிதைத்தன. எரிந்தவண்ணம் விமானம் கடலில் விழுந்தது. மூவர் இறந்தனர், அறுவர் சிறைப்பட்டனர். செய்தி எதுவும் அனுப்பவில்லை என்று சிறைப்பட்டோர் சாதித்தனர். ஆனால் அச்செய்தியை மீண்டும் அனுப்புமாறு கொழும்பு கேட்டது ஜப்பானியர் காதிலும் விழ, அடி இரட்டித்தது என்று பின்னாளில் பர்ச்சாலே கூறியிருக்கிறார்.

மறுநாள் உயிர்ப்பு ஞாயிறு. காலையில் கொழும்பின்மீது குண்டுகள் விழுந்தன. எனினும் துறைமுகத்திலிருந்த கப்பல்களுள் பல முன்னதாகவே வெளியேற்றப்பட்டிருந்தன. அடுத்த நாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்குண்டன. சென்னை நடுங்கியது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. உயிர்க்காட்சிச்சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. மக்கள் கிடைத்த இரயிலில் ஏறி நகரை நீங்கினர்.

'இலங்கையின் மீட்பர்' என்று பர்ச்சாலை உலகம் பிற்காலத்தில் கொண்டாடியது. வரலாறு இதைச் சற்று நிதானமாகவே நோக்கும். இலங்கையைக் கைப்பற்றும் நோக்கம் அத்தாக்குதலுக்கு இருக்கவில்லை. எச்சரிக்கை கிடைத்தும் டார்செட்ஷயர், கார்ன்வால் என்னும் இரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் உயிர்ப்பு ஞாயிறன்றே மூழ்கின. 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆகவே அவரது பெருமையை விளைவைக் கொண்டு அளப்பது பொருந்தாது. கண்டதைக் கண்டபடி, தமக்கு நேரவிருப்பது தெரிந்தும் அவர் அறிவித்தார். காவலனிடம் இறைவாக்கினர்கள் எதிர்பார்த்ததும் அதுவே: அவன் எக்காளம் ஊத வேண்டும், கேட்டு நடப்பது ஊராரின் பொறுப்பு.

அவரது காவல் கடலோடு முடியவில்லை. ஜப்பானியச் சிறைமுகாம்களில் மூன்றாண்டுகளுக்கு மேல் வாடினார். நோயுற்றோரை வேலைக்கு அனுப்பக்கூடாது என்று சக கைதிகளை ஒன்றுதிரட்டி வேலைநிறுத்தம் செய்தார். அதற்காகத் தண்டனை முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கெல்லாம் கண்ட கொடுமைகளைக் குறிப்பேடுகளில் எழுதி மறைத்து வைத்தார். போருக்குப் பின் அவை போர்க்குற்ற விசாரணைகளில் சான்றுகளாயின. 2004 செப்டம்பர் 10 அன்று, தமது 89ஆம் வயதில், அவர் மறைந்தார்.

வானிலிருந்து கண்டதையும் சிறையிலிருந்து கண்டதையும் ஒரே நேர்மையோடு சொன்னவர் அவர். நம் மறை இதனைச் சாட்சியம் என்று அழைக்கிறது. காணாமல் நம்பமாட்டேன் என்ற தோமையார், கண்டபின் வாய்மூடி இருக்கவில்லை. கடல் கடந்து வந்து, கண்டதை அறிவித்து, பறங்கிமலையில் உயிர் கொடுத்தார் என்பது நம் மரபு. நம் தெருவில், அலுவலகத்தில், பங்கில் அநீதி ஒன்று நம் கண்ணில் படும்போது, தொலைவில் தெரியும் புள்ளிதானே என்று திரும்பிவிடுகிறோமா, அருகே சென்று பார்த்துச் சொல்கிறோமா? புனித சனியின் அமைதியில் நாம் நமக்கே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.