கறுவாக் குவியலும் குப்பைக் குவியலும்

1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து மஃபர் நோக்கிப் புறப்பட்ட மொரோக்கோ யாத்திரிகர் இப்னு பதூதாவின் கப்பலைக் காற்று திசைதிருப்பி இலங்கையின் மேற்குக் கரையில் கொண்டுவந்து சேர்த்தது. தாம் இறங்கிய ஊரை அவர் 'பத்தாலா' என்று தமது பயண நூலில் குறிப்பிடுகிறார். அது நமது புத்தளமே என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. மர மதிலும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த, சிறிய ஆனால் அழகிய ஊராக அதனை அவர் கண்டார். அங்கிருந்த ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்று, முத்துக்களைக் காட்டி, பாவா ஆதம் மலைக்குப் போய்வர வழியும் செய்து கொடுத்தான்.

இந்த வரவேற்பைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். அதே பக்கங்களில் உள்ள இன்னொரு செய்தியை அவ்வளவாகக் கவனித்ததில்லை. ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் இந்தக் கரை நெடுகிலும் குன்றுகள்போல் குவிந்து கிடந்தன என்று எழுதுகிறார் இப்னு பதூதா. மஃபரிலிருந்தும் மலபாரிலிருந்தும் வந்தவர்கள் அவற்றை விலையின்றி அள்ளிச் சென்றார்கள். பதிலுக்கு அரசனுக்குத் துணிமணி போன்றவற்றை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள்.

அந்தக் குவியலுக்கு 675 ஆண்டுகளுக்குப் பின்னர், 2019ஆம் ஆண்டில், அதே கரைக்கு வேறொரு குவியல் வந்து சேர்ந்தது. புத்தளம் நகருக்கு வடக்கே, வண்ணாத்திவில்லுப் பிரதேசத்தில், வில்பத்துக் காட்டுக்கும் களப்புக்கும் இடையே உள்ள அருவக்காட்டுக்குக் கொழும்பின் குப்பை வந்தது. இது எப்படி நேர்ந்தது என்பதையும், இதில் உள்ளூராட்சி மன்றங்களுக்கு உள்ள பங்கு என்ன என்பதையும் வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அருவக்காட்டின் மண்ணுக்கடியில் இருப்பது சுண்ணக்கல். மயோசீன் காலத்தில் கடலடியாக இருந்த நிலம் அது. இன்றும் அங்கே பழைய கடலுயிர்களின் சுவடுகள் கல்லாகிக் கிடைக்கின்றன. இந்தக் கல்லைத் தோண்டி எடுத்துத்தான் புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கிவருகிறது. 1926இல் புத்தளத்தை எட்டிய புகையிரதப் பாதை, கல்லை ஏற்றிவருவதற்காகவே பின்னர் அருவக்காட்டுப் பக்கமாக நீட்டப்பட்டது. கல் சீமெந்தாகியது. சீமெந்து கொழும்பின் மாடிகளாகியது. கல் எடுத்த இடத்தில் குழிகள் மிஞ்சின. கொழும்பு மாடிகளின் குப்பையை அதே தண்டவாளத்தின் வழியாக அந்தக் குழிகளுக்குக் கொண்டுவருவதுதான் திட்டம். களனியில் குப்பையை இறுக்கிக் கொள்கலன்களில் அடைத்து, ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தூரம் புகையிரதத்தில் கொண்டுவந்து, நாளொன்றுக்கு 1,200 மெட்ரிக் தொன் வரை புதைப்பதென்று திட்டமிட்டார்கள். நிர்மாண ஒப்பந்தம் ஒரு சீன நிறுவனத்திடம் போனது.

கொழும்பு ஏன் இவ்வளவு தூரம் வரவேண்டியிருந்தது? புளூமெண்டல் குப்பைமேடு உயர்ந்து, அயலவர் தாங்கமாட்டாமல் நீதிமன்றம் சென்று, 2009இல் அது மூடப்பட்டது. குப்பை குறையவில்லை. கொலன்னாவைப் பக்கத்து மீதொட்டமுல்லைக்கு நகர்ந்தது. அங்கிருந்த ஏழைக் குடியிருப்புகளின் முதுகில் எட்டு ஆண்டுகளாக அது ஏறிக்கொண்டே போனது. அந்த மக்களும் ஆர்ப்பாட்டம் செய்தார்கள், மனுக் கொடுத்தார்கள். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, மேடு சரிந்து வீடுகளை மூடியது. 32 பேர் இறந்தனர். அதன் பிறகுதான் அருவக்காட்டுத் திட்டம் அவசரமாயிற்று. ஓரிடத்தில் மக்கள் மறுத்தால் அல்லது மடிந்தால் அடுத்த இடம் தேடப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் இடம் மாறியதே தவிர, குப்பை உண்டாகும் வீட்டிலும் கடையிலும் சந்தையிலும் எதுவும் மாறவில்லை.

புத்தளம் பிறர் சுமையை ஏற்க மறுக்கும் ஊரன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலானோர் வந்திறங்கியது இந்தக் கரையில்தான். தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. கிணறுகளும் பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் பகிரப்பட்டன. இருந்த தண்ணீரும் தொழிலும் போதாமல் மனக்கசப்புகளும் வந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஊர் கதவைச் சாத்தவில்லை. சீமெந்துத் தூசியையும் இந்த மாவட்டம் பல காலமாகச் சுவாசித்து வருகிறது. கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையில் 2011 முதல் நிலக்கரி மின்நிலையம் இயங்குகிறது. அதன் 900 மெகாவாற் மின்சாரம் நாட்டுக்கெல்லாம் போகிறது, சாம்பல் பற்றிய கவலை அயற்கிராமங்களோடு நின்றுவிடுகிறது. இவற்றுக்கெல்லாம் மேலாகக் குப்பையும் என்றபோதுதான் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள்.

2018 செப்டெம்பர் இறுதியில் புத்தளம் கொழும்பு முகத்திடலில் தொடங்கிய சத்தியாக்கிரகம் நூறு நாட்களைக் கடந்தது. 'க்ளீன் புத்தளம்' என்ற பெயரில் முஸ்லிம்களும் சிங்களவரும் தமிழரும், பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் ஒன்றாய் நின்றன. அன்றைய நகர பிதா மர்ஹூம் கே.ஏ. பாயிஸும் எதிர்ப்பின் முன்னணியில் இருந்தார். குரல் கொழும்பு வரை சென்றது. பின்னர் 2019 ஏப்ரல் 21 வந்தது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் முஸ்லிம்கள் நாலு பேராகக் கூடி நிற்கவே அஞ்சிய நாட்கள் அவை. மே மாதத்தில் நம் மாவட்டத்தின் கொட்டாரமுல்லையிலேயே இனவெறிக் கும்பலால் ஒருவர் கொல்லப்பட்டார். அந்தப் பீதி அடங்கும் முன்னர், ஓகஸ்ட் மாதத்தில், குப்பை லொறிகள் வந்துவிட்டன. ஒக்டோபரில் அந்தத் தளத்தில் ஒரு வெடிப்பும் நிகழ்ந்தது. குப்பையில் சேர்ந்த வாயுவே காரணமாகலாம் என்று அப்போது பேசப்பட்டது. பேச முடியாதவர்கள் இருக்கும் திசையில்தான் குப்பை நகர்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதே காலத்தில் இன்னொரு குப்பை விவகாரமும் நடந்தது. பிரித்தானியாவிலிருந்து வந்த கழிவுக் கொள்கலன்கள் 2019இல் கொழும்புத் துறைமுகத்தில் பிடிபட்டன. நாடே கொதித்தது. வழக்கு நடந்தது. 2020இலிருந்து 2022 வரை அவை திருப்பி அனுப்பப்பட்டன. உன் குப்பையை நீயே வைத்துக்கொள் என்று லண்டனுக்குச் சொன்ன நாடு, கொழும்புக்கு அதைச் சொல்லத் தயங்கியது.

சட்டம் என்ன சொல்கிறது? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 93ஆம், 94ஆம் பிரிவுகள் குப்பையை அகற்றும் கடமையைப் பிரதேச சபைக்கு உரியதாக்குகின்றன. சேகரித்த குப்பை சபையின் சொத்து என்றும் கூறுகின்றன. நகர சபைகளுக்கும் மாநகர சபைகளுக்கும் உரிய கட்டளைச் சட்டங்களிலும் இதையொத்த பிரிவுகள் உண்டு. 'சொத்து' என்ற அந்தச் சொல் கவனிக்கத்தக்கது. சொத்தை விற்கலாம், பெருக்கலாம். நமது சபைகளோ அந்தச் சொத்தைக் கண்ணுக்கெட்டாத தூரத்தில் கொட்டுவதையே தமது பணியாகக் கருதிவந்துள்ளன.

இந்நாட்டு நகரக் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவும் இலைகுழையும்தான். அதாவது கொழும்பிலிருந்து ஏற்றப்படும் சுமையில் பெரும்பங்கு தண்ணீரும் எருவும். கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நிலத்துக்கு எரு இல்லை. வெங்காயமும் மிளகாயும் செய்கிற விவசாயி அளவுக்கு மிஞ்சிய யூரியாவைக் கொட்டுகிறார். அது மணலினூடே இறங்கிக் கிணற்று நீரில் நைத்திரேற்றாகச் சேர்கிறது. 2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளையை ஒரேயடியாகத் தடைசெய்தபோது, சேதனப் பசளைக்கு நாடு எங்கே போவதென்று தெரியாமல் தவித்தது. நவம்பரில் தடை விலக்கப்படும் முன்னரே விளைச்சல் விழுந்துவிட்டது. பலாங்கொடை நகர சபை செய்ததுபோல் ஒவ்வொரு சபையும் தன் குப்பையை எருவாக்கப் பழகியிருந்தால் அந்தத் தவிப்பில் ஒரு பங்காவது குறைந்திருக்கும்.

இதுவரை கொழும்பைப் பற்றிப் பேசினோம். நம்மைப் பற்றியும் பேசவேண்டும்.

மீன் வாங்கப் பனையோலை உமல் கொண்டுபோன தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசல் வாசலில் சட்டியோடும் தூக்குவாளியோடும் சிறுவர் வரிசையில் நின்ற காலம் வெகு தொலைவில் இல்லை. இன்று அந்தக் கொதிக்கும் கஞ்சியை 'சொப்பின் பேக்'கில் ஊற்றி முடிச்சுப்போட்டுக் கொடுக்கிறோம். கலியாண வீட்டில் ஐந்தாறு பேர் ஒரு சஹனைச் சூழ்ந்து உண்பது நமது வழக்கம். கழுவ ஒரு தட்டு, மிச்சம் விழ இடமில்லாத ஒழுங்கு. இப்போது சஹனுக்குக் கீழே பொலித்தீன் விரிப்பு, பக்கத்தில் ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், ஆளுக்கொரு வட்டிலப்பக் கோப்பை, ஆளுக்கொரு பிளாஸ்டிக் கரண்டி. விருந்து முடிந்த மறுநாள் இவையெல்லாம் களப்பின் கண்டல் வேர்களில் மாட்டிக் கிடக்கின்றன. அருவக்காட்டுக் குப்பைக்கு எதிராகக் குரல் எழுப்பிய வாயாலேயே இதையும் கேட்க நமக்குக் கடமையுண்டு.

தடைகள் இல்லாமல் இல்லை. 2007இல் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன் தடைசெய்யப்பட்டது. 2017 செப்டெம்பரில் லஞ்ச் ஷீட்டும் ரெஜிபோம் பெட்டியும் தடைக்குள் வந்தன. 2021இல் சிறு சஷே பக்கற்றுகளும் சேர்ந்தன. எல்லாம் கொழும்பில் எழுதப்பட்ட வர்த்தமானிகள். சந்தைக் கடையில் லஞ்ச் ஷீட்டுக்குப் பதில் என்ன வைப்பது என்பதை வர்த்தமானி சொல்லாது. சந்தை யாருடையது? சபையினுடையது. மீன்கடைகளைக் குத்தகைக்கு விடுவதும், வியாபார அனுமதிப்பத்திரம் வழங்குவதும், பொது மண்டபத்தை வாடகைக்குக் கொடுப்பதும் சபைதான். மக்களின் நுகர்வு நடக்கும் இடங்களின் திறப்புக்கோர்வை அதன் கையில் இருக்கிறது.

அந்தத் திறப்புகளைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதற்கு இப்னு பதூதாவின் கறுவாக்காரர்கள் வந்த கேரளக் கரையிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஆலப்புழை நகரத்தின் குப்பை சர்வோதயபுரம் என்ற அயற்கிராமத்தில் கொட்டப்பட்டு வந்தது. 2012இல் அந்தக் கிராமத்தார் லொறிகளை மறித்தார்கள். குப்பை நகரத்தின் தெருக்களிலேயே தேங்கியது. அவர்கள் இன்னொரு கிராமத்தைத் தேடிப் போகவில்லை. வீடுகளுக்கு மானியத்துடன் உயிர்வாயுக் கலன்களும் எருக் குழாய்களும் கொடுத்தார்கள். இடமில்லாதவர்களுக்காகத் தெருமுனைகளில் காற்றோட்டமுள்ள எருத்தொட்டிகளை அமைத்தார்கள். முன்பு குப்பை குவிந்து நாறிய மூலைகளே அதற்குத் தெரிவுசெய்யப்பட்டன. நகரசபை ஊழியர்கள் வீடுவீடாகப் போய் விளக்கினார்கள். 2017இல் ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் அமைப்பு முன்னுதாரணமாகக் காட்டிய நகரங்களில் ஒன்றாக ஆலப்புழை இருந்தது. 2015இல் கேரளத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிகளில் ஒருமுறை பாவித்து வீசும் பாத்திரங்கள் தவிர்க்கப்பட்டு, கழுவிப் பாவிக்கும் தட்டுகளும் குவளைகளும் வைக்கப்பட்டன. அந்த ஒழுங்கு பிறகு கலியாண மண்டபங்களுக்கும் பரவியது.

அதாவது நமது சஹன் ஒழுங்கை அவர்கள் ஒரு சபை விதியாக்கிக் கொண்டார்கள். நமக்கு அது வழக்கமாகவே இருந்தது, நாம் கைவிட்டுக் கொண்டிருக்கிறோம்.

ஆகவே புத்தளம், கற்பிட்டி, வண்ணாத்திவில்லு, சிலாபம் என்று இந்தக் கரையில் உள்ள சபைகள் பெருந்திட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மண்டப வாடகைப் பத்திரத்தில் ஒருமுறை பாவிக்கும் பாத்திரம் கூடாது என்று ஒரு வரி சேர்க்கலாம். தட்டும் கோப்பையும் சபையே வாடகைக்குக் கொடுக்கலாம். மீன்சந்தையில் உமலையும் பன் பையையும் விற்க, அவற்றைப் பின்னும் பெண்களுக்கு ஒரு கடையை இலவசமாக விடலாம். சந்தைக் கழிவை அன்றன்றே எருவாக்கிக் குடாநாட்டுத் தோட்டங்களுக்கு விற்கலாம். பிரித்துக் கொடுக்கும் வீட்டுக்கு வரியில் சிறு கழிவு கொடுக்கலாம். பள்ளிவாசல் நிருவாகங்கள் ஷஃபான் மாதத்திலேயே ஓர் அறிவித்தல் செய்தால் அடுத்த நோன்புக்குத் தூக்குவாளிகள் திரும்பிவரும்.

இவற்றைச் செய்துவிட்டால் அருவக்காட்டுக்கு நியாயம் கிடைத்துவிடுமா என்று கேட்கலாம். தானாகக் கிடைக்காது. அந்தப் போராட்டம் தனியாக நடக்க வேண்டியது. ஆனால் உன் குப்பையை உன் எல்லைக்குள்ளேயே வைத்துக்கொள் என்று கொழும்பு மாநகர சபையிடம் சொல்வதற்கு, அதைச் செய்து காட்டிய ஒரு சிறிய சபையின் சொல்லுக்கு அதிக எடை இருக்கும். இப்னு பதூதா கண்ட கரையில் ஆறு கொண்டுவந்து போட்டதைப் பிறர் ஏற்றிப் போனார்கள். இன்று பிறர் கொண்டுவந்து போடுவதை யாரும் ஏற்றிப் போகப் போவதில்லை. அது நமது மண்ணிலேயே கிடக்கும்.