நுகர்வோரின் தேர்ச்சியும் பொருளின் வடிவமைப்பும்: மாத்தளை வாசனைத் திரவியத் தோட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு பொருளின் தரத்தை அதன் உறுதி, விலை, தோற்றம் ஆகியவற்றைக் கொண்டு அளப்பது வணிகவியலின் பழைய வழக்கம். அப்பொருளை வாங்கியவர் அது சார்ந்த வேலையில் நாளடைவில் கைதேர்ந்தவராகிறாரா, தேர்ச்சி கூடக்கூட அதில் அவருக்கு ஈடுபாடும் கூடுகிறதா என்பதையும் வடிவமைப்பின் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்ற கருத்து அண்மைக்காலத்தில்தான் வலுப்பெற்றுள்ளது. மென்பொருள் துறையிலிருந்து வந்த அமெரிக்க எழுத்தாளர் கேத்தி சியெரா 2015ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதை விரிவாக வாதித்தார். ஆயினும் நடைமுறையில் இது கணினிக் காலத்துக்கு மிக முந்தியது. 1877ஆம் ஆண்டிலேயே இலங்கையில் கடை திறந்த சிங்கர் நிறுவனம் தையல் இயந்திரத்தோடு தையல் வகுப்பையும் சேர்த்து வளர்த்தது. தைக்கத் தெரியாதவர் வீட்டில் இயந்திரம் மூலையில்தான் கிடக்கும். மாத்தளை மாவட்டத்தின் வாசனைத் திரவியத் தோட்டங்களுக்கு, வருவோரைத் தேர்ந்த நுகர்வோராக்கும் வாய்ப்பு இதைவிடவும் இயல்பாக வாய்த்திருக்கிறது. ஆனால் தோட்டத்தில் தொடங்கும் கல்வி கடை வாசலில் அறுந்துபோகிறது என்பதும், அதற்குக் காரணம் வழிகாட்டிகளின் குறைபாடன்று, அங்கு விற்கப்படும் பொருள்களின் வடிவமைப்பே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தேர்ச்சி என்பதை இங்கு புலன்சார்ந்த பொருளில் கொள்ள வேண்டும். வாசனைத் திரவியத்தை வாங்குபவருக்கு வேண்டிய முதல் திறன், நல்லதையும் அல்லாததையும் கண்ணாலும் மூக்காலும் நாவாலும் விரலாலும் பிரித்தறியும் திறன். உளவியலில் இதைப் புலனுணர்வுக் கற்றல் என்பர். அதாவது, முன்பு ஒன்றாகவே தோன்றிய இரு பொருள்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு பழக்கத்தால் புலனுக்குத் தெளிவாகத் தொடங்குவது. ஜேம்ஸ் கிப்சன், எலனோர் கிப்சன் இணையர் 1955ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையொன்றில், புலன் தேர்ச்சி என்பது பொருளின் மீது மனம் ஏற்றும் கூடுதல் அறிவன்று, பொருளிலேயே ஏற்கெனவே உள்ள வேறுபாடுகளைப் பிரித்துணர்வதே என்று வாதித்தனர். இவ்வாதத்திலிருந்து நேரே பெறப்படும் முடிவு, ஒன்றை மட்டும் பார்த்து எவரும் தேர்ச்சி பெறுவதில்லை, அதற்கு ஒப்பான மற்றொன்றை அருகில் வைத்துப் பார்த்தே பெறுகின்றனர் என்பது. எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லித்தருவதும் அதேயளவு முக்கியம். பிறந்து ஒரு நாளேயான கோழிக்குஞ்சுகளில் ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவது பல ஆண்டுப் பயிற்சி வேண்டும் வேலை என்று கருதப்பட்டிருந்தது. 1987ஆம் ஆண்டு பீடர்மேனும் ஷிஃப்ராரும் வெளியிட்ட ஆய்வோ, எந்த வடிவ வேறுபாட்டைப் பார்க்க வேண்டும் என்ற சிறு விளக்கத்தைப் படித்த புதியவர்கள், படங்களைக் கொண்டு பிரிப்பதில் நிபுணர்களை நெருங்கிவிட்டதைக் காட்டிற்று. சரியான இடத்தைச் சுட்டிக்காட்டும் ஒரு தாள், ஆண்டுக்கணக்கான பழக்கத்தின் பெரும்பகுதியைச் சுருக்கிவிட்டது.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ9 வீதியில், மாத்தளை நகரை ஒட்டியும் அதைக் கடந்து நாலந்தா, தம்புள்ளை நோக்கியும் இத்தோட்டங்கள் வரிசையாக அமைந்துள்ளன. சீகிரியாவுக்கும் தம்புள்ளைக் குகை விகாரைக்கும் போய்வரும் பயணிகள் வழியில் இறங்கிக்கொள்ளும் இடங்கள் இவை. வழிகாட்டி ஒருவர் அவர்களை நிழலடர்ந்த பாதையில் அழைத்துச் சென்று, கறுவா இலையைக் கசக்கி முகரக் கொடுக்கிறார். கிளிரிசிடியா மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியைக் காட்டுகிறார். சாதிக்காய்ப் பழத்தைப் பிளந்து, கொட்டையை வலைபோலச் சுற்றியிருக்கும் செந்நிற வசுவாசியை உரித்துக் காட்டுகிறார். வனிலாவின் பூவைக் கையால் மகரந்தம் சேர்த்தால்தான் காய் பிடிக்கும் என்கிறார். போத்தலில் மட்டுமே இவற்றைக் கண்டவருக்கு இது உண்மையான வியப்பு. கண்டிப் பகுதியின் கலப்பு வீட்டுத் தோட்டங்களில் மிளகு, கராம்பு, கொக்கோ, கோப்பி, பலா எல்லாம் அடுக்கடுக்காக வளரும் முறையை ஓரளவு இங்கு கண்ணாரக் காணலாம் என்பதும் இத்தோட்டங்களின் சிறப்பு.

எனினும், இவ்வளவையும் கண்ட பயணி கற்றுக்கொண்டது செடியைப் பற்றியே. ஊருக்குத் திரும்பியபின் கடையில் அவர் காணப்போவது செடியை அன்று, உலர்ந்த சரக்கை. அந்தச் சரக்கை மதிப்பிடும் திறன் அவருக்கு வாய்த்ததா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பதே விடை.

கறுவாவை எடுத்துக்கொள்வோம். உலகச் சந்தையில் கறுவா என்ற பெயரில் விலைபோவதில் பெரும்பகுதி இலங்கைக் கறுவா அன்று. சீனா, இந்தோனேசியா, வியட்நாம் ஆகிய நாடுகளிலிருந்து வரும் கசியா என்னும் உறவினப் பட்டை. தமிழ்நாட்டுப் பலசரக்குக் கடைகளில் பட்டை என்று கேட்டாலும் பெரும்பாலும் கசியாவே கிடைக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் சிறுபிள்ளைக்கும் வேறுபாடு தெரியும். இலங்கைக் கறுவா, புறத்தோல் சுரண்டப்பட்ட மெல்லிய உட்பட்டைகளை ஒன்றினுள் ஒன்றாகச் செருகிச் சுருட்டிய குழல், அதன் குறுக்குவெட்டில் பல அடுக்குகள் தெரியும், விரலால் அழுத்தினாலே நொறுங்கும், நிறம் வெளிர் பழுப்பு, மணம் இனிமையானது. கசியாவோ ஒரே தடித்த பட்டை, இரு விளிம்பும் உள்நோக்கி வளைந்திருக்கும், உடைக்கக் கையின் பலம் வேண்டும், நிறம் கருஞ்செம்மை, நாவில் காரமும் துவர்ப்பும் முந்தும். அல்பா எனப்படும் உயர்தரக் குழலின் விட்டம் 6 மில்லிமீற்றருக்குள் அடங்கும் என்பதையும் அறிந்தவருக்கு அதன் விலை ஏன் அவ்வளவு என்பதும் புரிந்துவிடும். இவ்வேறுபாடு சுவையோடு நிற்பதுமில்லை. கசியாவில் கூமரின் என்ற வேதிப்பொருள் மிகுதி. இலங்கைக் கறுவாவில் அது மிக அற்பம். உடல் நிறையில் கிலோகிராமுக்கு 0.1 மில்லிகிராம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை கூமரினுக்கு வகுத்த அன்றாட எல்லை. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2006இலேயே இதுபற்றி எச்சரித்தது. அதன் கணக்கில், 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் நாள்தோறும் ஏறத்தாழ 2 கிராம் கசியாத் தூள் உண்டாலே அந்த எல்லையைத் தொட்டுவிடலாம்.

இத்தனை பயன் தரும் அறிவைக் கொடுக்கத் தோட்டத்தில் ஒரேயொரு பொருள்தான் தேவை: ஒரு துண்டுக் கசியா. அதுதான் பொதுவாக அங்கு இல்லை. போட்டிச் சரக்கைத் தன் வாசலுக்குள் விடக்கூடாது என்ற வணிக உள்ளுணர்வு இயல்பானதே. ஆயினும் அது தவறானது. அசலை மட்டும் முகர்ந்தவர் அதைப் பாராட்டுவார். அசலையும் மற்றதையும் மாறிமாறி முகர்ந்தவர் அதைத் தேடுவார். முன்னவரின் உற்சாகம் பயணத்தோடு முடிகிறது. பின்னவரோ ஒவ்வொரு கடையிலும் தம் திறனைச் சோதித்துப் பார்க்கிறார், அத்திறன் பலிக்கும்போதெல்லாம் ஈடுபாடு புதுப்பிக்கப்படுகிறது. 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவுக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. இது சட்டத்தின் அரண். ஆனால் கண்ணுக்கும் மூக்குக்கும் வேறுபாடு தெரியாத நுகர்வோரிடம் முத்திரை வெறும் முத்திரையாகவே நிற்கும்.

கறுவாச் செய்கையின் மையம் தென்மாகாணக் கரையோரம் என்பதால், மாத்தளைக்கு இவ்வாதம் முழுமையாகப் பொருந்துவது மிளகிலேயே. மாத்தளையின் வீட்டுத் தோட்டங்களிலும் சிறு காணிகளிலும் விளையும் மிளகு, பெருந்தொகைச் சரக்காக வியாபாரிகளின் கை மாறி ஏற்றுமதியாகிறது. இலங்கை மிளகுக்கு இந்தியா பெரிய கொள்வனவாளர். இருநாட்டுச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின்கீழ் ஆண்டுக்கு 2,500 மெட்ரிக் தொன் தீர்வையின்றி அங்கு செல்லலாம். காரத்துக்குக் காரணமான பைப்பரின் மிகுந்தது என்பதால் பிழிசாறு ஆலைகள் இதை விரும்புகின்றன. ஆலையின் தொட்டிக்குள் போகும் மிளகுக்கு ஊர்ப்பெயர் கிடையாது. கம்போடியாவின் கம்போட் மிளகு 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பாதுகாக்கப்பட்ட பெயராகிச் சமையற்கலைஞர்களின் மேசையில் இடம்பிடித்தது. மாத்தளை மிளகு அவ்வாறு பெயர் சொல்லிக் கேட்கப்படுவதில்லை.

மிளகு வியாபாரத்தில் ஒரு கூரிய அளவுமுறை உண்டு. ஒரு லீற்றர் கொள்ளும் பாத்திரத்தில் மிளகை நிரப்பி நிறுப்பர். 500 கிராம், 550 கிராம் என்று அந்த லீற்றர் நிறை உயர உயர விலையும் உயரும், ஏனெனில் முற்றாமல் பறித்த மணி உலர்ந்தபின் உள்ளீடற்றுப் பாரம் குறைந்து நிற்கும். இந்த அறிவை அடுக்களைக்குக் கொண்டுவருவது மிக எளிது: ஒரு குவளை நீரில் ஒரு கைப்பிடி மிளகைப் போட்டால் பதர் மிதக்கும், கலப்படமாகச் சேர்க்கப்படும் பப்பாளி விதையும் பெரும்பாலும் மிதக்கும். ஒரே கொடியின் காயிலிருந்துதான் கறுப்பு மிளகும் வெள்ளை மிளகும் வருகின்றன என்பதையும், முற்றிய பச்சைக் காயைத் தோலோடு உலர்த்தினால் ஒன்று, பழுத்ததை ஊறவைத்துத் தோல் நீக்கினால் மற்றொன்று என்பதையும் சிறு கிண்ணங்களில் வைத்துக் காட்டி, மென்று பார்க்கவும் சொல்லலாம். பைப்பரின் எளிதில் ஆவியாகாது, மணம் தரும் எண்ணெயோ அரைத்தவுடன் பறக்கத் தொடங்கும் என்பது விளங்கியவர், தூள் போத்தலை விட்டு முழு மிளகுக்கு மாறுவார். இறக்கும்போது இடித்துத் தூவக் கற்றுக்கொள்வார். இரசத்துக்கு மிளகை அவ்வப்போது அம்மியில் தட்டிப்போடும் மலையகத் தமிழ்க் குடும்பங்களில் இவ்வறிவு பெயரின்றி ஏற்கெனவே வாழ்கிறது. மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து மாத்தளைக்கு வந்த கோப்பிக்கால முன்னோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். தோட்டச் சுற்றுலாவில் அவர்களுடைய சமையலறிவுக்கு இடமளிக்கப்படாதது பெரும் இழப்பு.

இனி, கடைக்கு வருவோம். நடையின் முடிவில் பயணி நுழையும் அறையில் முன்னிலை பெறுவன பெரும்பாலும் கூந்தல் எண்ணெய், மூட்டுவலித் தைலம், மேனிப் பூச்சு, உடல் மெலிவிக்கும் மருந்து ஆகியவை. உலர்ந்த சரக்கு ஓரத்தில் நிற்கிறது. இவற்றின் மருத்துவ மதிப்பு இங்கு ஆராயப்படவில்லை. வடிவமைப்பு நோக்கில் இவற்றின் அடிப்படைக் குறை வேறு: பயன்படுத்துபவர் தம் புலன்களால் சோதிக்க இயலாத பொருள்கள் இவை. மிளகு நல்லதா என்பதை வாங்கியவரே தீர்மானிக்கலாம், பழகப்பழகத் தீர்ப்பு கூர்மையடையும். தைலத்தால்தான் வலி தணிந்ததா என்பதைத் தனியொருவர் தீர்மானிப்பது கடினம், பத்தாவது போத்தலிலும் அவர் முதல் நாளைப் போலவே விற்பவர் சொல்லை நம்பி நிற்கிறார். முன்னது அறிவை வளர்க்கும் பொருள், பின்னது சார்பை வளர்க்கும் பொருள். தோட்ட நடையால் விழித்த புலன்களைக் கடை அடுத்த நொடியே உறங்கச் செய்துவிடுகிறது என்பதே இங்கு கவலைக்குரியது.

இதற்கு வணிகத் தரப்பிலிருந்து வலுவான மறுப்புகள் உண்டு. ஒரு மணிநேரமே தங்கும் வெளிநாட்டுப் பயணி மீண்டும் வரப்போவதில்லை. அவரை அழைத்துவரும் சாரதிக்கும் வழிகாட்டிக்கும் தரகுப்பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. விலைகூடிய தைலத்தை விற்றாலன்றிக் கணக்குச் சரிவராது என்பது அவற்றுள் முதன்மையானது. தரகு முறை உண்மையான சுமையே. ஆனால் மீண்டும் வராத வாடிக்கையாளர் என்ற எடுகோள்தான் அச்சுமையைப் பெருக்குகிறது. பிரித்தறியக் கற்ற ஒருவர் நேரில் வராவிடினும் தபாலில் வாங்குவார், நண்பரின் அடுக்களையில் பேசுவார். திராட்சை மது வணிகம் இதை முன்பே கண்டறிந்தது: கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆன் நோபிள் 1980களில் உருவாக்கிய மணச் சக்கரம், முகரும் மணத்துக்குச் சரியான சொல்லைத் தேட உதவும் ஒரு வட்ட வரைபடம் மட்டுமே. அது சாதாரணக் குடிமக்களுக்கும் சுவைஞரின் சொல்வளத்தைத் தந்தது. மாத்தளை மிளகுக்கும் கறுவாவுக்கும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அத்தகையதோர் அட்டை இருக்குமாயின், அது வாங்கியவரின் அடுக்களைச் சுவரில் தொங்கும்.

விளைவிப்போர் பக்கமும் இதனால் நன்மையுண்டு. கொடியில் ஓரிரு மணி மஞ்சளோ சிவப்போ ஆகும்வரை காத்துப் பறிக்குமாறு விவசாயிக்குச் சொல்லப்படுகிறது. திருட்டுக்கு அஞ்சியும் அவசரப் பணத்தேவையாலும் பலர் முன்கூட்டியே பறித்துவிடுகின்றனர். முற்றிய மணிக்கு விலை தரும் நுகர்வோர் பெருகாதவரை அந்த அறிவுரைக்கு வீட்டுப் பொருளாதாரத்தில் வலு கிடையாது.

ஆகவே தோட்டக் கடை விற்க வேண்டிய பொருள் எது என்பது தெளிவு. ஒரு கறுவாக் குழலும் ஒரு கசியாத் துண்டும், ஒரே கொடியின் கறுப்பு மிளகும் வெள்ளை மிளகும், ஓட்டோடு கூடிய சாதிக்காயும் அதன் வசுவாசியும், அறுவடை ஆண்டு பொறித்த உறைகளும், எதை முதலில் முகர்ந்து எதை அடுத்து மெல்ல வேண்டும் என்று வரிசை கூறும் தாளும் அடங்கிய சிறு பெட்டி அது. அதன் செலவு அற்பம். இதற்கு வேண்டிய அறிவைத் தேடி வெகுதூரம் போகவும் வேண்டியதில்லை. 1972இல் சிறு ஏற்றுமதிப் பயிர்களுக்கென நிறுவப்பட்டுப் பின் ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் எனப் பெயர் மாறிய நிறுவனத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இயங்குகிறது. தோட்ட உரிமையாளர்கள் அந்நிலையத்தின் அறிவியலாளரை அழைத்து வழிகாட்டிகளுக்குச் சரக்கு மதிப்பீட்டைக் கற்பிக்க வேண்டும். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை தோட்டங்களைப் பதிவுசெய்யும்போது, கசியாவையும் கறுவாவையும் அருகருகே வைத்துக் காட்டும் ஒரு தட்டையேனும் நிபந்தனையாகக் கேட்க வேண்டும்.