பஞ்சு கொடுத்த பளபளப்பு

காருக்கும் பஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கோயம்புத்தூரில் யாரைக் கேட்டாலும், சீட்டுக்குள் அடைப்பது என்பார்கள். ஆனால் பழைய கார்களின் மேல்பூச்சே பஞ்சில் செய்ததுதான். அந்தப் பூச்சைத் தேய்த்து மினுக்கியதும் எங்கள் ஊர் மில்களின் கழிவுப் பஞ்சுதான். சிங்காநல்லூரில் மில் சங்குச் சத்தம் கேட்டு எழுந்து பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா மில்லில் ஃபிட்டர். பெயிண்ட் பட்டறையைக் கடந்துதான் வீட்டுக்கு வர வேண்டும். அதனால் இந்தக் கதையின் பாதி நான் கண்ணால் பார்த்தது.

பருத்தியை ஜின்னிங் செய்த பிறகும் கொட்டைமேல் குட்டைப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். நூற்க அது உதவாது. நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்து அதில் ஊறவைத்தால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். ஒரு பக்குவத்தில் அது வெடிமருந்து. இன்னொரு பக்குவத்தில் சினிமா பிலிம். முதல் உலகப் போர் முடிந்தபோது இதைச் செய்யும் வசதி அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியிடம் ஏராளமாக மிஞ்சி நின்றது. 1920-ல் நியூஜெர்சி மாநிலத்துப் பார்லினில் பிலிம் ஆராய்ச்சியில் இருந்தவர்கள், கூழாக இருந்த இந்தக் கரைசலை இளக்கும் வழியைத் தற்செயலாகக் கண்டார்கள். இளகியதால் நிறத்தை நிறையச் சேர்த்து ஸ்பிரே அடிக்க முடிந்தது. 1923-ல் டுகோ என்ற பெயரில் அது கார் பெயிண்டாக வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓக்லாண்ட் கார்களை நீலத்தில் அடித்து விற்றது.

அதற்கு முன்னால் எண்ணெய் வார்னிஷ் பூசிய கார் காய்ந்து வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டின் மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பைத் தவிர வேறு நிறத்தில் வரவில்லை. புதுப் பெயிண்ட் மணிக்கணக்கில் காய்ந்தது; கேட்ட நிறத்தில் கிடைத்தது. நம் ஊர் பட்டறைகளில் கடைசிவரை அதற்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட், இல்லாவிட்டால் டுகோ என்றுதான் பெயர்.

சிங்காநல்லூரில் இந்தப் பஞ்சின் எல்லா வேடங்களும் ஒரே சாலையில் இருந்தன. 1932-ல் பைகாரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் கோவையைச் சுற்றி மில்கள் மளமளவென்று எழுந்தன. திருச்சி சாலையில் வசந்தா மில், கம்போடியா மில் என்று வரிசை நீண்டது. அதே சாலையில்தான் 1930களில் சென்ட்ரல் ஸ்டூடியோ வந்தது. 1944-ல் வந்த ‘ஹரிதாஸ்’, 1947-ல் வந்த ‘ராஜகுமாரி’ எல்லாம் அங்கே எடுத்தவை. அந்தக் காலத்துப் பட நெகட்டிவ் நைட்ரேட் பிலிம், அதாவது நைட்ரோசெல்லுலோஸ். ஆக மில்லுக்குள் நூலாக ஓடிய பஞ்சின் தாயாதிதான் ஸ்டூடியோவுக்குள் பிலிமாகச் சுழன்றது. வாசலில் நின்ற முதலாளிமார் கார்களில் பெயிண்டாக மின்னியது.

கொங்கு நாட்டில் மோட்டார் மோகம் இதற்கு முன்பே வந்துவிட்டது. கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அதுவே யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. அவர் பெயரைத் தாங்கி அவிநாசி சாலையில் 2015-ல் திறந்த கார் மியூசியத்துக்குப் போகிறவர்கள் என்ஜினைப் பார்ப்பார்கள், முகப்பு விளக்கைப் பார்ப்பார்கள். நான் கதவின் ஓரங்களைப் பார்ப்பேன். எத்தனை முறை பெயிண்ட் அடித்திருக்கிறது என்பதைக் கதவின் உள்விளிம்பு சொல்லிவிடும்.

சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்று மூன்றே வகை. ஃபியட்டுக்குப் பணம் கட்டிவிட்டு வருசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் கார் பழசானால் யாரும் மாற்றவில்லை. டின்கரிங் பார்த்து மறுபடி பெயிண்ட் அடித்தார்கள். ஒரே அம்பாசிடர் கறுப்பாகப் பிறந்து, வெள்ளையாக வளர்ந்து, மகள் கல்யாணத்துக்குக் கிரீம் கலருக்கு மாறிய வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. பெயிண்டர் என்ற தொழில் இங்கே தழைத்ததற்குக் காரணம் இந்தத் தட்டுப்பாடுதான்.

நான் பார்த்து வளர்ந்த பட்டறை ஓட்டுக்கூரைக் கொட்டகை. டின்கர் தகரத்தை நிமிர்த்திய பிறகு ரெட் ஆக்சைடு பிரைமர் அடிப்பார்கள். அதன்மேல் பட்டி பார்ப்பது. தகட்டுக் கரண்டியால் பட்டியை மெல்லிசாக இழுத்து, காயவிட்டு, மறுபடி இழுப்பார்கள். ஒரே தடவையில் கனமாக வைத்தால் ஆறு மாதத்தில் வெடிப்பு விடும். பிறகு வாட்டர் பேப்பர். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் இந்தப் பேப்பர் 1921-ல் அமெரிக்காவில் 3எம் கம்பெனி கொண்டுவந்தது. அதற்கு முன் காய்ந்த பேப்பரால் தேய்த்து, ஈயம் கலந்த பெயிண்ட் தூசியைப் பெயிண்டர்கள் சுவாசித்தார்கள். நம் ஊரில் 1954-ல் தொடங்கிய சென்னை கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியின் பேப்பர் பட்டறைதோறும் கிடந்தது.

ஸ்பிரே அடிக்கும் நாளைப் பெயிண்டர் வானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். மழை ஈரத்தில் அடித்தால் தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் ஈரம் படிந்து, பெயிண்ட் வெள்ளை பூத்துவிடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும். தரையில் தண்ணீர் தெளித்து, வாசலில் நனைந்த சாக்கைத் தொங்கவிட்டுத்தான் வேலை. மூக்குக்கு ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான். அந்தத் தின்னர் நெடியில் நாற்பது வருசம் நின்றவர்களின் நெஞ்சு என்ன ஆனது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

என்.சி. பெயிண்ட் துப்பாக்கியிலிருந்து வரும்போதே பளபளக்காது. மங்கலாக, ஆரஞ்சுத் தோல் மாதிரிப் பொரிப்பொரியாக நிற்கும். பளபளப்பு தேய்ப்பில்தான் வரும். அதற்குத்தான் பல கோட் கனமாக அடிப்பது. மெல்லிய வாட்டர் பேப்பரால் பொரியை அடக்கி, ரப்பிங் காம்பவுண்டைத் தடவி, காட்டன் வேஸ்ட்டால் தேய்க்கத் தொடங்கினால் பொழுது சாயும் வரை கை நிற்காது. மில்லில் அறுந்து விழும் நூல் கழிவுதான் காட்டன் வேஸ்ட். மற்ற ஊர்களில் அதைக் காசு கொடுத்து வரவழைக்க வேண்டும். எங்களுக்கோ மில் கேட்டுக்கு வெளியே கிலோக்கணக்கில் கிடைத்தது. கடைசிக் கைக்கு மட்டும் பெயிண்டர் அதைத் தொடமாட்டார். நூல் முடிச்சும் கொட்டைத் துணுக்கும் கோடு போட்டுவிடும் என்று, பழைய வெள்ளை வேட்டித் துணியை எடுப்பார். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி பெருகிய பிறகு அந்த இடத்தைப் பனியன் வேஸ்ட் பிடித்துக்கொண்டது.

பள்ளி விடுமுறையில் பெயிண்டர் என்னையும் தேய்க்க விட்டார். எங்கள் பக்கத்துப் பேச்சில் அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “அழுத்தாதீங்க தம்பி. கைப்பாரமே போதுமுங்க. ஓரத்துல மட்டும் கை வெக்காதீங்க, அங்க பெயிண்டு நிக்காதுங்க.” கதவு மடிப்பு, பானெட் முனை மாதிரி விளிம்புகளில் பெயிண்ட் இயல்பாகவே மெலிந்திருக்கும். இரண்டு தேய்ப்பு கூடினால் பிரைமர் எட்டிப் பார்க்கும். இப்போது மெஷின் வைத்துப் பாலிஷ் போடுகிறவர்கள் விளிம்பில் டேப் ஒட்டுவது இதே காரணத்துக்காகத்தான்.

வீட்டில் காரின் பராமரிப்பு பெரும்பாலும் டிரைவர் கையில் இருந்தது. காலையில் ஈரத்துணி, மாதம் ஒரு முறை வேக்ஸ். கண்காட்சி மாதிரி மின்ன வேண்டும் என்றால் மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைப்பார்கள். அன்றைக்கு மின்னும், மறுநாள் எண்ணெய்ப் பிசுக்கில் ஊர்ப் புழுதியெல்லாம் வந்து ஒட்டும். நல்ல வேக்ஸ் என்றால் பிரேசில் நாட்டுக் கர்னாபா பனையின் ஓலையில் படியும் மெழுகு கலந்தது. அது வெயிலையும் நீரையும் கொஞ்சம் தடுக்கும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எந்த டிரைவரும் வேக்ஸ் போடாமல் இருக்கமாட்டார். மறுநாள் சந்தனமும் குங்குமமும் பானெட்டில் காய்ந்தால் கறை பிடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

1983 டிசம்பரில் முதல் மாருதி 800 வெளியே வந்தது. எங்கள் தெருவுக்கு வந்தது சிவப்பு. சில வருசத்தில் அதன் கூரை ரோஸ் நிறத்துக்கு வெளுத்தது. வெள்ளைத் துணியில் பாலிஷ் வைத்துத் தேய்த்தபோது துணி முழுக்கச் சிவப்பு. பெயிண்ட் போகிறதே என்று வீட்டுக்காரர் பதறினார். போனது வெயிலில் செத்த மேல்தோல்தான். அதன் அடியில் பழைய சிவப்பு அப்படியே இருந்தது. நிறமே மேல்பூச்சாக இருக்கும் பெயிண்டின் குணம் இது. தேய்த்தால் திரும்பி வரும்.

அதன்பின் வந்த மெட்டாலிக் கார்களில் கதை மாறியது. நிறம் ஒரு மெல்லிய அடுக்கு. அதன்மேல் கண்ணாடி மாதிரி கிளியர் கோட் தனி அடுக்கு. பட்டறைகளுக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பெயிண்ட் வந்து, என்.சி. பெயிண்ட் மெல்ல ஓரங்கட்டப்பட்டது. கம்பெனி பெயிண்டின் எல்லா அடுக்கும் சேர்ந்து சுமார் 100 மைக்ரான் கனம். கிளியர் கோட் அதில் பாதிகூட வராது. நம் தலைமுடியே ஏறக்குறைய 70 மைக்ரான். வெயிலைத் தடுக்கும் மருந்து இருப்பது அந்தக் கிளியர் கோட்டில்தான். அதைக் காம்பவுண்டால் தேய்த்துத் தேய்த்துக் கரைத்துவிட்டால், ஒரு கோடையில் கூரை உரியத் தொடங்கும். உரிந்த கிளியர் கோட்டை எந்தப் பாலிஷாலும் மீட்க முடியாது. மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான். அதையும் வீட்டில் செய்ய நினைக்க வேண்டாம். 2கே ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுத்து ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும்.

ஆக, அந்தக் காலத்தில் பளபளப்பு தேய்ப்பில் இருந்தது. இந்தக் காலத்தில் கழுவும் விதத்தில் இருக்கிறது. கழுவுவதில் எங்கள் ஊருக்கு ஒரு சொந்தப் பிரச்சினை: தண்ணீர். 1930களின் தொடக்கத்திலேயே சிறுவாணி நீரைக் கண்ட நகரம் இது. ஆனாலும் இன்றைக்கும் பல வீடுகளில் இரண்டு குழாய்: ஒன்றில் நல்ல தண்ணி, இன்னொன்றில் போர் உப்புத் தண்ணி. காருக்கு உப்புத் தண்ணிதான் விதி. வெயிலில் கழுவி அப்படியே காயவிட்டால் வட்டவட்டமாக வெள்ளைப் புள்ளி படியும். அதை எடுக்கக் காம்பவுண்ட், காம்பவுண்டால் கிளியர் கோட் தேய்மானம். உப்புத் தண்ணியில் கழுவுங்கள், தவறில்லை. நிழலில் கழுவி, கடைசியாக ஒரு குடம் நல்ல தண்ணி விட்டு, உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

கழுவ இரண்டு வாளி வேண்டும்: ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலசச் சாதாரணத் தண்ணீர். பாத்திரம் கழுவும் சோப்பு போட்டிருக்கும் வேக்ஸை உரித்துவிடும். குளத்துக்குப் பக்கம் குடியிருப்பவர்கள் பறவை எச்சத்தை அன்றைக்கே ஊறவைத்து எடுங்கள். காய்ந்த சந்தனத்தையும் நகத்தால் சுரண்டாமல் அப்படியே செய்யுங்கள். ஆடிக் காற்றில் கார் கவர் போடாதீர்கள். கவருக்கு அடியில் புகும் புழுதி நாள் முழுக்க வாட்டர் பேப்பர் வேலை பார்க்கும். செராமிக் கோட்டிங் கீறலை மூடாது. கீறலைச் சரிசெய்த பிறகு போட்டால் கழுவுவது சுலபமாகும், அவ்வளவே.

உங்கள் காரில் இருப்பது எந்தப் பெயிண்ட் என்று தெரியவில்லையா? கதவைத் திறந்து உள்பக்கத்து மூலையில் துளி பாலிஷை வெள்ளைப் பனியன் துணியில் (வெள்ளைக் கார் என்றால் அடர்நிறத் துணியில்) தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் பழைய வகை. நிதானமாக, விளிம்பை விட்டு, கையாலேயே தேய்த்து மீட்கலாம். துணியில் நிறம் ஏறாவிட்டால் கிளியர் கோட். கழுவுவதோடும் வேக்ஸோடும் நிறுத்திக்கொள்ளுங்கள், காம்பவுண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.