பூச்சித் தட்டும் பெயர்ச் சீட்டும்



கண்காட்சி மேசையில் நம் மாணவர்கள் செய்த பூச்சித் தட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். "பூச்சி புடிக்கவா புள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறோம், வாத்தியாரே?" என்று ஒரு தாயார் சிரித்துக்கொண்டே கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சரித்திரத்தில் இருக்கிறது.

ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் 1823-இல் பிறந்தவர். வீட்டில் வசதியில்லை, பதினான்கு வயதில் படிப்பு நின்றது. பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்து விற்றுப் பிழைத்தார். அமேசான் காட்டில் பாடுபட்டுச் சேர்த்தவற்றை ஏற்றிவந்த கப்பல் 1852-இல் நடுக்கடலில் எரிந்துபோனது. மனம் தளர்ந்தாரா? இல்லை! 1854-இல் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். மலாக்கா, சரவாக் என்று எட்டு ஆண்டுகள் அலைந்து 125,660 மாதிரிகளைச் சேர்த்தார். அவற்றில் வண்டுகள் மட்டும் 83,200!

1855-இல் சரவாக்கின் சிமுஞ்சான் நிலக்கரிச் சுரங்கத்தில் தங்கினார். காடு வெட்டிச் சாய்த்த மரங்களை நாடி வண்டுகள் வந்தன. ஒரே நாளில் 76 வகை கிடைத்தன. அவற்றில் 34 அவருக்குப் புதியவை. பூச்சி ஒன்றுக்கு ஒரு காசு தந்தார். சீனர்களும் டாயாக் மக்களும் வெட்டுக்கிளி, குச்சிப்பூச்சி, வண்டு என்று கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பிடிப்பது சுலபம், காப்பதுதான் கஷ்டம். 1858-இல் நியூகினியின் டோரியில், அட்டையில் ஒட்டிய பூச்சிகளையும் கறுப்பு எறும்புகள் அவர் கண்ணெதிரே பிய்த்துக்கொண்டு போயின. நமக்கும் அதே கதிதான்! முதல் தட்டை இரவு மேசைமேல் வைத்தோம். காலையில் இறக்கைதான் மிச்சம்.

பிறகு கற்றுக்கொண்டோம். சப்பாத்துப் பெட்டியின் அடியில் ஸ்டைரோபோம் வெட்டிப் பதித்து, வெள்ளைத்தாள் ஒட்டினோம். வண்டுக்கு வலது மேலிறக்கையில் ஊசி குத்தினோம். மூலையில் பாச்சை உருண்டை, மேலே கண்ணாடித்தாள். மேசைக் கால்களுக்குக் கிண்ணத்தில் தண்ணீர்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சீட்டு. எது எந்தத் தீவில் கிடைத்தது என்று வாலஸ் கவனமாகக் குறித்தார். அதனால்தான் பாலிக்கும் லொம்போக்கிற்கும் இடையே உயிரினங்கள் மாறுவதைக் கண்டார். அந்த எல்லை இன்று 'வாலஸ் கோடு'. உயிரினங்கள் எப்படி மாறுகின்றன என்று அவர் எழுதிய கட்டுரை, டார்வினின் எழுத்தோடு சேர்த்து 1.7.1858 அன்று லண்டனில் வாசிக்கப்பட்டது.

ஒரு குறை உண்டு. அவருடைய உதவியாளர், சரவாக் மலாய் இளைஞர் அலியின் பெயர் அவர் நூலில் இருக்கிறது. ஒரு காசுக்குப் பூச்சி கொண்டுவந்த தொழிலாளிகளின் பெயர்களோ நமக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே நம் தட்டின் சீட்டில் மூன்று வரி: பூச்சியின் பெயர், இடமும் தேதியும், கண்டெடுத்தவர் பெயர். மாணவர்களே, மூன்றாவது வரியை மறக்காதீர்கள்!

கேள்வி கேட்ட அந்தத் தாயாரை இரண்டாவது தட்டருகே அழைத்துப்போனேன். அங்கிருந்த கொம்பு வண்டு, செம்பனை உதிரி பொறுக்கும்போது அவரே எடுத்து மகனிடம் கொடுத்தது. சீட்டில் அவர் பெயர் இருந்தது. மகன்தான் படித்துக் காட்டினான்.