பிறக்குமுன் வைத்த பெயர்

குழந்தை பிறந்து முகம் பார்த்த பின்னரே பெயர் சூட்டுவது உலக வழக்கம். சாஸ்திரங்களுக்கும் பெரும்பாலும் அவ்வாறே பெயர் வாய்க்கிறது; பலர் நெடுநாள் பயின்று வந்த ஒரு வித்தைக்குப் பெயர் இல்லாத குறை முற்றும்போது அது எவர் வாயிலிருந்தேனும் வந்து விழுந்துவிடுகிறது. உயிரியல் என்று நாம் வழங்கும் பயாலஜி அவ்வகையைச் சேர்ந்தது. சூழலியல் என்று வழங்கும் ஈகாலஜியோ, பிள்ளை பிறப்பதற்கு முப்பது ஆண்டுகள் முன்னரே சூட்டப்பெற்ற பெயர்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் இயற்கைப் பொருள்களையெல்லாம் தாது, தாவரம், விலங்கு என மூன்று இராச்சியங்களாக வகுத்தபோது, அம்மூன்றும் ஒரே நிலையிலுள்ள இராச்சியங்களாகவே எண்ணப்பட்டன. படிகக் கல்லையும், உலர்த்திய பூவையும், பாடம் செய்த பறவையையும் ஒரே பண்டிதர் ஒரே முறையில் பெயரிட்டுப் பேழையில் அடுக்கி வந்தார். அந்நூற்றாண்டு முடியும் தறுவாயில்தான், செடிக்கும் விலங்குக்கும் உள்ள வேற்றுமையைக் காட்டிலும் அவ்விரண்டுக்கும் கல்லுக்கும் உள்ள வேற்றுமையே ஆழமானது என்ற எண்ணம் ஐரோப்பியப் பண்டிதரிடையே வேரூன்றிற்று. எந்தக் குடியானவனுக்கும் தெரிந்திருந்த இந்தச் செய்தியைச் சாஸ்திரம் ஒப்புக்கொள்ள அத்தனை காலம் பிடித்தது. ஒப்புக்கொண்டவுடன், தாவரத்தையும் விலங்கையும் ஒருங்கே ஆராயும் கலைக்கு ஒரு பெயர் வேண்டியதாயிற்று. ரோஸ் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1797-இல் ஒரு முன்னுரையிலும், புர்டாக் என்பவர் 1800-இலும் பயாலஜி என்ற சொல்லை எடுத்தாண்டனர். 1802-இல் பிரெமன் நகரத்து வைத்தியராகிய டிரெவிரானுஸ் அதனையே தலைப்பாக்கி, 1822 வரையில் ஆறு பாகங்களாக வெளிவந்த பெருநூலைத் தொடங்கினார். அதே ஆண்டில் பிரெஞ்சு நாட்டு லமார்க் தாம் எழுதிய நூலொன்றில் அதே சொல்லைத் தாமும் வழங்கினார். 1766-இலேயே ஹனோவ் என்பவர் தம் லத்தீன் நூலின் தலைப்பில் இதனைப் பொறித்திருந்தும், அப்போது அதற்குத் தேவை பிறவாமையால் எவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

இச்சொல்லின் கிரேக்க வேர் அத்துணைப் பொருத்தமானதன்று. கிரேக்க மொழியில் உயிரோடிருத்தலைக் குறிப்பது ஸோயே. பியோஸ் என்பதோ பெரும்பாலும் ஒருவன் வாழ்ந்த வாழ்வையும் வாழும் முறையையும் சுட்டும். வாழ்க்கை வரலாற்றுக்கு மேனாட்டார் இட்ட பெயரில் அந்தப் பியோஸ் தனக்குரிய அர்த்தத்தோடு அமர்ந்திருக்கிறது. ஸோயேயின் இனமான சொல்லை விலங்கு நூலார் முன்னரே தமதாக்கிக் கொண்டமையால், உயிர் நூலாருக்கு எஞ்சியது பியோஸ். வேரைப் பின்பற்றிப் பெயர்த்தால் நாம் வாழ்வியல் என்று கூறவேண்டியிருக்கும். ஜீவசாஸ்திரம், உயிர்நூல், உயிரியல் என்று காலந்தோறும் மாற்றிச் சொல்லி வந்த தமிழர் அவ்வாறு செய்யாமல், மூச்சுவிடுதலாகிய உயிர்த்தலோடு தொடர்புடைய சொல்லையே எடுத்தாண்டது, மூலத்தைவிடப் பெயர்ப்பு நேராக அமைந்த அபூர்வமான இடம் என்பது என் கருத்து.

வேரில் இருந்த இக்குழப்பமே ஈகாலஜி என்ற இரண்டாவது சொல்லுக்கும் காரணமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மனியில் பயாலஜி என்பதற்கு இரண்டு அர்த்தங்கள் நடமாடின: உயிர்களைப் பற்றிய சாஸ்திரம் முழுவதும் என்பது ஒன்று, ஒரு பிராணி எங்கே வசிக்கிறது, எதைத் தின்கிறது, எதற்கு அஞ்சுகிறது என்னும் வாழ்முறை வர்ணனை மட்டும் என்பது மற்றொன்று. யீனா நகரில் பேராசிரியராக இருந்த எர்ன்ஸ்ட் ஹெக்கல், 1866-இல் வெளியிட்ட உருவ நூலில், இந்த இரண்டாவது அர்த்தத்தைப் பிரித்தெடுத்து, வீடு எனப் பொருள்படும் ஓய்கோஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து புதுப்பெயர் ஒன்று அமைத்தார். ஓர் உயிர் தன்னைச் சூழ்ந்த பிற உயிர்களோடும், மண், நீர், வெப்பம் முதலிய ஜடப் பொருள்களோடும் கொண்டுள்ள சம்பந்தங்களின் சாஸ்திரம் என்று அதற்கு இலக்கணமும் வகுத்தார். புதுச்சொல் புனைவதில் ஹெக்கலுக்கு அடங்காத ஆசை. அவர் அமைத்துத் தந்த கலைச்சொற்கள் பல. ஆனால் இந்தச் சாஸ்திரத்தை அவர் தாம் பயின்றவர் அல்லர். பெட்டியைச் செய்து பெயரெழுதி ஒட்டிவிட்டு, தம் கடல் நுண்ணுயிர்ச் சித்திரங்களுக்குத் திரும்பிவிட்டார்.

ஆளில்லாத பெயரை யாரும் உரிமை கொண்டாடலாமன்றோ? அமெரிக்காவில் ரசாயன அறிஞராக விளங்கிய எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் அம்மையார், வீட்டில் வழங்கும் நீர், காற்று, உணவு ஆகியவற்றைச் சீர்ப்படுத்தும் கலைக்கு 1892-இல் இப்பெயரையே சூட்ட முற்பட்டார். வீடு என்ற வேருக்கு அவரே உண்மையுள்ளவர் என்றுகூடச் சொல்லலாம். அவர் வளர்த்த அக்கலையைத்தான் நம் பெண்கள் கல்லூரிகள் மனையியல் என்கின்றன. மறு ஆண்டு மாடிசன் நகரில் கூடிய தாவர நூலார் மகாசபை, சொல்லின் தலையிலிருந்த ஓகாரத்தை நீக்கிய எழுத்து வடிவத்தை ஏற்று, பெயரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டது. அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் கடிதங்கள் 1958-இல் தொகுக்கப்பட்டபோது, 1858-ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் இச்சொல் காணப்படுவதாக அச்சேறி, அவர் ஹெக்கலுக்கு எட்டாண்டு முந்தியவர் என்ற பெருமையைப் பெற்றார். கையெழுத்தை மறுபடி பார்த்ததில் அவர் எழுதியிருந்தது ஜியாலஜி என்று தெரிந்தது. அச்சொல்லுக்கு ஒரு தோரோவைத் தந்தையாக்க ஆசைப்பட்ட கண்ணுக்கு எழுத்தும் அவ்வாறே தெரிந்துவிட்டது போலும்.

பெயர் இப்படி அலைந்துகொண்டிருக்க, அதற்குரிய பொருள் வேறிடத்தில் சந்தடியின்றி உருவாகிவந்தது. கீல் நகரத்துப் பேராசிரியர் கார்ல் மோபியஸை, தன் வடகடற்கரையில் சிப்பி வளர்க்க இயலுமா என்று ஆராயுமாறு பிரஷ்ய அரசாங்கம் பணித்தது. முற்றிய சிப்பியொன்று பத்து லட்சத்துக்கு மேற்பட்ட குஞ்சுகளை ஈனுகிறது. அவை சில நாள் நீரில் நீந்திய பின் சேறற்ற கெட்டியான தளமொன்றைப் பற்றிக்கொள்ள வேண்டும். பற்றிக்கொண்டவற்றையும் நண்டும் நட்சத்திர மீனும் தின்ன, எஞ்சுவது மிகச் சில. இரயில் வண்டி உள்நாட்டு ஊர்களுக்கெல்லாம் சிப்பியைச் சுமந்து செல்லத் தொடங்கியபின், பிரான்ஸின் மேலைக் கரைகளில் மீனவர் வரம்பின்றி வாரினர். சிப்பி குறைந்த திட்டுகளில் மட்டியும் கிளிஞ்சலும் வந்து குடியேறிக்கொண்டன. சிப்பி தனித்து வாழ்வதில்லை, தின்பது, தின்னப்படுவது, இடத்துக்குப் போட்டியிடுவது எல்லாம் சேர்ந்த ஒரு கூட்டமாகவே வாழ்கிறது என்று மோபியஸ் 1877-இல் எழுதி, அக்கூட்டத்துக்குத் தனிப்பெயரும் இட்டார். ஹெக்கலின் இலக்கணத்தில் வெறும் சம்பந்தம் என்றிருந்தது, இங்கே எண்ணவும் அளக்கவும் கூடியதாயிற்று.

டென்மார்க்கின் யூகன் வார்மிங் 1895-இல் தாவரக் கூட்டங்களைப் பற்றி எழுதிய நூலே சொல்லையும் பொருளையும் சேர்த்து வைத்தது. 1909-இல் ஆங்கிலத்தில் வந்தபோது அதன் தலைப்பிலேயே ஈகாலஜி ஏறிற்று. அந்நூலின் வழி நின்ற சிகாகோவின் ஹென்றி கவுல்ஸ், மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேடுகளை ஆராய்ந்து 1899-இல் எழுதினார். ஏரியோரம் வெறும் மணல். அதனை அடுத்து மணலைக் கட்டிப் பிடிக்கும் புல். அப்பால் பாப்லர், பின்னர் பைன், அதன் பின் ஓக் மரங்கள். ஏரி பின்வாங்கப் பின்வாங்க மேடுகள் வரிசையாக அமைந்தமையால், கரையிலிருந்து உள்ளே நடப்பவன் இளைய மேட்டிலிருந்து முதிய மேட்டுக்குச் செல்கிறான். ஒரு காடு உண்டாகும் நூற்றாண்டுகளை ஒரு பகலில் நடந்து கடந்துவிடுகிறான். இதற்குப் பின் இச்சாஸ்திரத்தை வெறும் பெயர் என்று எவரும் கூறத் துணியவில்லை. தாவரக் கூட்டத்தை ஒரே பேருயிர் என்று புகழ்ந்துகொண்டிருந்தோரின் மிகைப்பேச்சைப் பொறாத ஆங்கிலேயர் டான்ஸ்லி, உயிர்களையும் அவற்றின் ஜடச் சூழலையும் ஒரே அமைப்பாகக் கொள்ளும் ஈக்கோசிஸ்டம் என்ற சொல்லை 1935-இல் வெளியிட்டார். அதனை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் கிளாப்பம் என்ற இளைஞர். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் சூழ்நிலை மண்டலம் என்றும், இலங்கைப் பாடநூல்கள் சூழற்றொகுதி என்றும் அதனை வழங்குகின்றன. தொகுதி என்பதே எனக்கு உவப்பு, ஏனெனில் மண்டலம் என்றவுடன் மனம் ஓர் எல்லைக்கோட்டைத் தேடத் தொடங்கிவிடுகிறது.

சூழலியல் என்ற நம் சொல் வீட்டை விட்டுவிட்டு, ஹெக்கல் வகுத்த இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டது. சூழ் என்னும் வினைக்கு வளைத்துக்கொள்ளுதல் என்ற பொருளோடு ஆராய்ந்தெண்ணுதல் என்ற பழம்பொருளும் உண்டு. சூழ்ச்சி என்பது வஞ்சனையாகத் தாழ்வதற்கு முன் அமைச்சரின் ஆலோசனையாக இருந்தது. ஆனால் இப்போது பத்திரிகைகளில் இச்சொல் வேறொரு வேலைக்கு அமர்த்தப்பட்டிருக்கிறது. ஏரியில் ஆகாயத்தாமரை மண்டி மீன் செத்து மிதந்தால், ஏரியின் சூழலியல் கெட்டுவிட்டது என்று எழுதுகிறார்கள். கெட்டது சூழல், அதை ஆராயும் இயலுக்கு ஒரு கேடும் இல்லை. ஆங்கிலத்திலும் இதே வழு நெடுநாளாகப் புழங்கி, இப்போது அகராதிகளிலும் இடம் பெற்றுவிட்டது. தமிழ் அகராதிக்காரரும் இதை நீண்ட காலம் தடுத்து நிறுத்த முடியுமென்று நான் நம்பவில்லை.